தானாக ஓடும் வீல்சேர்: பிரிட்டன் விதிகள் தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம். பவர் வீல்சேரில் லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சென்சார்) பொருத்தித் தானாக ஓட வைக்கிறோம். சோதனை பிரிட்டன் நடைபாதையில். மாற்றுத்திறனாளி வண்டிகளுக்கான 1988 விதிகளின்படி இது கிளாஸ் 2 (நடைபாதையில் ஓடும் மோட்டார் நாற்காலி வகை): மணிக்கு 4 மைல் (6.4 கி.மீ.), ஆள் இல்லாத எடை 113.4 கிலோவுக்குள். கணினி, கூடுதல் பேட்டரி ஏற்றியபின் மறுபடி எடை போடுவது அவசியம்.

தொல்லை தருவது பிரேக்தான். அந்த வேகம் நொடிக்கு 1.78 மீட்டர். சென்சார் தாமதம் 0.3 நொடி, வேகக்குறைப்பு 1 மீ/நொடி² என்றால் நிற்க 2.1 மீட்டர் வேண்டும். இன்னும் இறுக்கிப் பிடித்தால் உடல் பிடிமானம் இல்லாதவர் முன்னால் சரிவார். ஒரே தளத்தில் சுழலும் லைடாருக்கோ நடைபாதை விளிம்பின் பள்ளம் தெரியாது, கண்ணாடிக் கதவும் சரியாகத் தெரியாது. அதனால் கீழ்நோக்கிய டெப்த் கேமரா (தூரத்தையும் அளக்கும் கேமரா) போட்டிருக்கிறோம். வெயிலில் அது திணறுகிறது. மாற்று என்ன?

அடுத்தது சட்டம். பயனரை இறக்கிவிட்டு நாற்காலி காலியாகத் திரும்பி வந்தால், அந்த நேரத்தில் அதை ‘பயன்படுத்துபவர்’ யார்? மாற்றுத்திறனாளி ஓட்டுவதை மனதில் வைத்து எழுதிய விதி இது. உற்பத்தியாளர் சோதனைக்கான விலக்கு இதற்குப் பொருந்துமா? ஐஎஸ்ஓ 7176-14 (மின் வீல்சேர் கட்டுப்பாட்டுத் தரம்) உடன் ஐஎஸ்ஓ 13482-க்கும் (பராமரிப்பு ரோபோ பாதுகாப்புத் தரம்) சோதனை செய்தவர்கள், காப்பீட்டாளர் எதை ஏற்றார் என்று சொன்னால் போதும்.