புதுப்பிப்பு: கேஷ் செருகுநிரல் இயங்கியும் வேகம் கூடாதது ஏன்?

என் வேர்ட்பிரஸ் வலைப்பூவில் டபிள்யூபி சூப்பர் கேஷ் என்ற கேஷ் செருகுநிரலை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) நிறுவியும் பக்கங்கள் முன்போலவே மெதுவாகத் திறக்கின்றன என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இந்தச் செருகுநிரல் ஒவ்வொரு பக்கத்தையும் எச்.டி.எம்.எல். கோப்பாகச் சேமித்து, அடுத்து வருபவருக்கு அதையே கொடுக்கிறது. பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கும் பி.எச்.பி. நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் பெரும்பாலும் வேலையே இல்லை. என் தளத்திலோ சேமிப்புக் கோப்புறை காலியாகவே இருந்தது. பிழைத்திருத்தப் பதிவைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது: பக்கவாட்டில் வைத்திருந்த கருத்துக்கணிப்புச் செருகுநிரல், எல்லாப் பக்கங்களுக்கும் ‘சேமிக்க வேண்டாம்’ என்று கேஷ் செருகுநிரலுக்குச் சொல்லும் மாறிலியை அமைத்துக்கொண்டிருந்தது. அதை நீக்கியதும் கோப்புறை நிரம்பத் தொடங்கியது. பழைய கைப்பேசியில்கூடப் பக்கம் சட்டென்று வருகிறது.

சோதிப்பவர்கள் தளத்திலிருந்து வெளியேறிவிட்டுச் சோதியுங்கள். உள்நுழைந்தவர்களுக்குச் சேமித்த பக்கத்தைக் காட்டாத அமைப்பு இயக்கத்தில் இருந்தால் வேகம் தெரியாது. பக்கத்தின் மூலநிரலில் கடைசி வரியைப் பாருங்கள். சேமித்த பிரதி என்றால் அது உருவான நேரம் அங்கே இருக்கும்.

தொடர்புப் படிவம் வைத்திருப்பவர்கள் சேமித்த பிரதியின் காலாவதி நேரத்தை 10 மணி நேரத்துக்குள் வையுங்கள். படிவத்தோடு சேர்ந்து வரும் வேர்ட்பிரஸின் பாதுகாப்புக் குறியீடு 12 முதல் 24 மணி நேரம்தான் செல்லும். அதற்கும் பழைய பிரதி போனால், வாசகர் பொறுமையாக எழுதிய செய்தி நம்மிடம் வந்து சேராமலே போகலாம்.