70இல் ஓடும்போது ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது

வணக்கம் அண்ணாமார், தம்பிமார். 1.5 லீற்றர் பெற்றோல் கார், ஒட்டோ கியர். அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக இது ஒன்றுதான் இருக்கிறது.

முறிகண்டி தாண்டினால் மாங்குளம் பக்கம் ஏ9 வீதி நேராக ஓடுமே, அங்கேதான் பிரச்சினை. அக்சிலேற்றரை அசைக்காமல் 70இல் போகிறேன். 1,700இல் நிற்கும் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தரம் சுற்றுகிறது என்ற கணக்கு) முள் திடீரென 2,000க்கு ஏறி, நாலைந்து செக்கனில் திரும்ப இறங்குகிறது. வேக முள் அசைவதே இல்லை. எஞ்சின் சூடாகும் வரை இது வருவதும் இல்லை.

கராஜில் பிளக் மாற்றி, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் துரொட்டில் பொடியையும் கழுவினார்கள். மாற்றமில்லை. இப்போது பெற்றோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெற்றோல் போதாமல் போனால் வேகமும் சேர்ந்து விழ வேண்டும் அல்லவா?

எஞ்சின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர் பெட்டிக்குக் கொடுக்கும் டோர்க் கொன்வேர்ட்டரில், சீராக ஓடும்போது இரண்டையும் நேராகப் பூட்டும் லொக்கப் கிளட்ச்தான் பிடிப்பதும் விடுவதுமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். பிரேக்கைத் தொட்டால் அந்தப் பூட்டு விட்டுவிடும். முள் கீழே நிற்கும்போது, பின்னால் வாகனம் இல்லாத இடத்தில், பிரேக்கை மெல்லத் தொட்டுப் பார்த்தேன். சரியாக அதே 2,000க்கு ஏறியது. அப்புறம், பிரேக்கைத் தொடாமலே பிரேக் சுவிட்ச் சிக்னல் கொடுக்கிறதோ என்று சந்தேகம் வந்து, இரவில் தம்பியை மோட்டார் சைக்கிளில் பின்னால் வரச் சொன்னேன். பிரேக் லைற் ஒருதரமும் தானாக எரியவில்லை என்கிறான்.

கியர் ஒயிலை வெள்ளைத் துணியில் துடைத்தால் கடும் கபில நிறம், இலேசான கருகல் மணமும் இருக்கிறது.

முதலில் ஒயிலை மாற்றவா, துரொட்டில் சென்சரைப் பார்க்கவா? ஓடும்போதே லொக்கப் சிக்னலை ஸ்கேனரில் பார்க்கத் தெரிந்தவர்கள் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.