வியட்நாம் மாணவர்களுக்கு ஆங்கிலத்தின் 'எ' (a), 'தி' (the) சொல்லித்தருவது எப்படி? உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். ஹோ சி மின் நகரத்தில் வேலை பார்க்கும் சிலர் என்னிடம் ஆன்லைனில் ஆங்கிலம் படிக்கிறார்கள். சொற்கள் நிறையத் தெரியும். ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருபவைதான் தகராறு. கட்டுரைகளில் இப்படி வருகிறது:

"ஐ பாட் டூ புக்."
"திஸ் மை புக் இஸ் ஓல்டு."
"ஆல்மோஸ்ட் ஸ்டூடன்ட்ஸ் லைக் மியூசிக்."

விதியைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். எழுதும்போது பழைய கதைதான். எங்கே தொடங்குவது?

பதில் 1:
'தி' வரும் இடங்களைப் பட்டியல் போட்டுக் கொடுங்கள். ஆறு, கடல், மலைத்தொடர் என்று. நான் அப்படித்தான் படித்தேன்.

பதில் 2:
பட்டியல் கடைசியில் வரட்டும். இந்த மூன்று தப்புக்கும் காரணம் வேறு வேறு.

'டூ புக்': வியட்நாமியத்தில் பெயர்ச்சொல் பன்மைக்காக உருமாறாது. எண் சொன்னால் போதும், நாம் 'பத்து மரம்' என்பதைப் போல. தவிர, அங்கே சொல்லின் கடைசியில் 'ஸ்' ஒலியே வராது. எழுத்தில் சரியாகப் போட்டுவிட்டுப் பேச்சில் விழுங்கினால் அது உச்சரிப்புச் சிக்கல். இலக்கணப் பாடம் எடுத்துப் பயனில்லை.

'திஸ் மை': அவர்கள் வரிசை 'புத்தகம் - இந்த - என்னுடைய'. இரண்டும் சேர்ந்து வரத் தடையில்லை. ஆங்கிலத்தில் எ, தி, திஸ், மை எல்லாம் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்பவை. "திஸ் புக் ஆஃப் மைன்" என்று பழக்குங்கள்.

'ஆல்மோஸ்ட்': வியட்நாம்காரர்களிடம் அடிக்கடி பார்க்கலாம். 'பெரும்பாலான' என்பதற்கு அவர்கள் சொல் 'ஹவ் ஹெட்'. அது பெயர்ச்சொல்லுக்கு நேர் முன்னால் நிற்கும். அந்த இடத்தில் ஆல்மோஸ்ட்டை வைத்துவிடுகிறார்கள். 'மோஸ்ட் ஸ்டூடன்ட்ஸ்', இல்லையென்றால் 'ஆல்மோஸ்ட் ஆல் ஸ்டூடன்ட்ஸ்'.

கேட்டவர்:
சரி, இது புரிகிறது. ஆனால் எ, தி என்ற வேறுபாடே அவர்கள் மொழியில் இல்லையே?

பதில் 2:
சொல் இல்லை, வேறுபாடு இருக்கிறது. 'மெயோ' என்றால் பூனை. விலங்குகளை எண்ணும்போது 'கொன்' என்ற வகைச்சொல் முன்னால் சேரும். 'எனக்கு மெயோ பிடிக்கும்' என்றால் பொதுவாகப் பூனைகள். 'மோட் கொன் மெயோ' ஒரு பூனை. வாக்கியத்தின் தொடக்கத்தில் வெறும் 'கொன் மெயோ' வந்து 'தூங்குகிறது' என்று முடிந்தால், பெரும்பாலும் இருவருக்கும் தெரிந்த அந்தப் பூனை. மூன்றையும் எழுதி, எதிரே கேட்ஸ், எ கேட், தி கேட் என்று அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். முதல் வரியின் 'ஸ்' முக்கியம். 'ஐ லைக் சிக்கன்' என்றால் தட்டில் இருக்கும் கறி, 'சிக்கன்ஸ்' என்றால் முற்றத்தில் மேயும் கோழி.

பதில் 3:
நம்மிடமும் இது உண்டு. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்': இரண்டாவதைக் கேட்டால் எந்தப் புத்தகம் என்று ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், 'எ'க்குப் பதிலாக வரும் 'ஆன்' (an) சொல்லித்தரும்போது எழுத்தைக் காட்டாதீர்கள், ஒலியைக் காட்டுங்கள். 'ஆன் அவர்' (an hour), ஆனால் 'எ யூனிவர்சிட்டி'.

கேட்டவர்:
பூனை வரிகளை நிரப்பவைத்தேன், 'தி' தானாக விழ ஆரம்பித்திருக்கிறது. 'எவ்ரி ஸ்டூடன்ட்ஸ்' மட்டும் போகமாட்டேன் என்கிறது.

பதில் 2:
பன்மை சொல்லிக்கொடுத்த சூட்டில் எல்லா இடத்திலும் 'ஸ்' ஒட்டுவார்கள், பயப்படாதீர்கள். எவ்ரி, ஈச் பின்னால் ஒருமை. ஆல், மெனி பின்னால் பன்மை. தனித்தனியாக நடத்தாமல் ஒரே வாக்கியத்தில் மாற்றி மாற்றி எழுதவையுங்கள்: 'எவ்ரி ஸ்டூடன்ட் ஹேஸ்', 'ஆல் ஸ்டூடன்ட்ஸ் ஹேவ்'. வினையும் சேர்ந்து மாறுவதால் கண்ணில் படும்.