ஊடுருவல் வேண்டாம், ஊடிழைவு சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

‘இன்ட்ரோகிரஷன்’, அதாவது கலப்பின் வழியே வந்த வேறோர் இனத்தின் மரபணுத் துண்டு ஓர் இனத்தில் நிலைத்துத் தங்குவது, இதற்கு மரபணு ஊடுருவல் என்று சொல்லலாம் என இந்த மடல் இழையில் இரண்டு மடல்கள் வந்திருக்கின்றன. எனக்கு உடன்பாடில்லை. ஊடுருவல் என்றதும் நாளிதழ் படிக்கிற யாருக்கும் எல்லையில் துப்பாக்கியோடு நுழைகிறவர்தான் நினைவுக்கு வருவார். ஆசியாவின் ஆதி மனிதர்கள் யாரோடு கலந்தார்கள் என்று எழுதும் இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டால், நாம் சொல்லாத ஒரு பகை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். உண்மையில் நடந்தது பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்த கதை.

சரி, கலப்பு என்றே விட்டுவிடலாமே என்றால் அதுவும் போதாது. சைபீரியாவில், அல்தாய் மலையின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு சின்ன எலும்புத் துணுக்கைப் பற்றி 2018இல் அறிவித்தார்கள். சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண், வயது குறைந்தது பதின்மூன்று இருக்கும், தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவர், இரண்டுமே அழிந்துபோன பழைய மனித இனங்கள். அவள் சரிபாதி, அவளுக்குக் கலப்பு என்ற சொல் பொருந்தும். ஆனால் அப்படி ஒருத்தியின் வழிவந்தவர்கள் ஒரே பக்கத்து மக்களோடு தொடர்ந்து சேர்ந்துகொண்டே போனால் பாதி காலாகும், கால் அரைக்காலாகும், அரைக்கால் வீசமாகும். நீளமாக இருந்த டிஎன்ஏ தலைமுறைதோறும் வெட்டுப்பட்டுப் பெரும்பகுதி காணாமல் போய், சில துண்டுகள் மட்டும் அந்த மக்களின் மரபிலேயே தங்கிவிடும். நமக்குச் சொல் வேண்டியது இந்தத் தங்கலுக்கு.

திபெத்தியரைப் பாருங்கள். 4,000 மீட்டர் உயரத்தில் மற்றவர்கள் போய்த் தங்கினால் உடல் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொண்டே போகும், இரத்தம் கெட்டிப்படும். திபெத்தியர் பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை, காரணம் ஈபிஏஎஸ்1 என்ற மரபணுவில் அவர்களிடம் உள்ள வடிவம். அது டெனிசோவர் வழி வந்தது என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். பப்புவா மக்களிடம் டெனிசோவர் பங்கு 3 முதல் 5 சதவீதம் வரை இருக்கிறது, திபெத்தியரிடம் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவு. ஆனாலும் அந்த ஒரு துண்டு அறுபடாமல் நின்றுவிட்டது. எனக்கு இது ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சிலிர்க்கிறது.

இதை நினைத்தபோது தறிதான் கண்ணில் வந்தது. பாவு முழுக்க ஒரு நிறம், ஊடையில் எங்கோ வேறு நிறத்தில் ஒரே ஒரு நூல் ஓடியிருக்கும், துணி என்னவோ அதே துணிதான். அதனால் என் பரிந்துரை ஊடிழைவு. வினையாகவும் வளைகிறது: ஊடிழைந்த மரபணு, ஊடிழையாத பகுதி, ஊடிழைந்திருக்கிறது. ஊடுருவலை இப்படி வளைத்தால் ‘ஊடுருவிய மரபணு’ என்று ஏதோ குற்றவாளி மாதிரி நிற்கிறது.

மரபிழை என்று ஒருவர் எழுதியிருந்தார், பொருள் நன்றாகவே இருக்கிறது, ஆனால் வேகமாகப் படித்தால் கண் ‘பிழை’யில் போய் நிற்கிறது, பரம்பரைக் கோளாறு என்று எடுத்துக்கொள்வார்கள். டிஎன்ஏவுக்கே ஈரிழை என்கிறோமே, குழம்பாதா என்று கேட்கலாம். ‘ஊடு’ முன்னால் நிற்பதால் குழம்பாது என்றே நினைக்கிறேன்.

ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: “திபெத்தியரின் ஈபிஏஎஸ்1 வடிவம் டெனிசோவரிடமிருந்து ஊடிழைந்தது.” எங்கேயாவது தடுக்கினால் எந்த இடத்தில் என்று எழுதுங்கள்.