புதுப்பிப்பு: யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு உயரமான ஹேண்டில்பார் மாட்டியாச்சு

போன மாதம் முதுகுவலி தாங்காமல் உயரமான ஹேண்டில்பார் மாட்டலாமா என்று கேட்டிருந்தேனே, மாட்டிவிட்டேன். விட்டம் அதே 22 மி.மீ. என்பதால் அதைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பில் சிக்கல் இல்லை, பிடிகளும் லிவர்களும் அப்படியே ஏறிக்கொண்டன. சிக்கல் கேபிளில்தான். பழைய கேபிளே போதும் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார், நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து இன்ஜினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இடப்பக்கம் முழுசாகத் திருப்பினால் 'உர்ர்ர்' என்று தானாகவே ரேஸ் ஆகிறது, அதாவது ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. யூ-டர்னில் இப்படி ஆனால் என்ன கதி! மறுநாளே கிளட்ச், ஆக்ஸிலரேட்டர், முன் பிரேக் மூன்றுக்கும் நீளமான கேபிள் போட்டு, டேங்குக்கு அடியில் மடங்காமல் கொண்டுபோய், லிவர் ஃப்ரீ ப்ளேயும் (லிவரை அழுத்தும்போது கேபிள் இழுபடும் முன் இருக்கும் சின்னத் தளர்வு) சரிசெய்தோம். ஹெட்லைட்டுக்குள் போகும் சுவிட்ச் ஒயர் மட்டும் நல்லவேளை எட்டியது.

முதுகு இப்போது பரவாயில்லை. ஆனால் வேகம் அறுபதைத் தாண்டினால் காற்று நெஞ்சில் அறைகிறது, அது யாருமே சொல்லவில்லையேப்பா. பழைய ஹேண்டில்பாரைத் தூக்கிப் போடவில்லை, பரணில் இருக்கிறது.