கலைச்சொல் உதவி: துருவே காவலாகும் எஃகுக்கு என்ன பெயர்?

காரைக்குடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். வெல்டிங் மாணவர்களுக்கான கையேடு வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. சிகாகோ டேலி பிளாசாவில் நிற்கும் பிக்காசோவின் சிற்பத்தை அதில் எடுத்துக்காட்டியிருக்கிறோம். 1967 ஆகஸ்ட் 15 அன்று திறந்தார்கள். 50 அடி உயரம், ஏறத்தாழ 147 டன். பக்கத்துக் கட்டடத்துக்குப் போட்ட அதே கார்ட்டன் எஃகு. பெயின்ட் கிடையாது, மேலே பிடிக்கும் துருதான் உள்ளிருக்கும் உலோகத்துக்குக் காவல். 'துருக்காப்பு எஃகு' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

தேவகோட்டையிலிருந்து:
சரியில்லை ஐயா. துருவால் காப்பா, துருவிலிருந்து காப்பா? மூன்றாம் வேற்றுமையா ஐந்தாம் வேற்றுமையா என்று தொகை காட்டாது. படிக்கிற பையன் எவர்சில்வர் என்றே எடுத்துக்கொள்வான். எவர்சில்வரில் குரோமியம் 10.5 விழுக்காட்டுக்குக் குறையாது. அதைக் காக்கும் படலம் கண்ணுக்குத் தெரியாது. கார்ட்டனில் செம்பு அரை விழுக்காட்டை ஒட்டி, கொஞ்சம் குரோமியம், பாஸ்பரஸ், அவ்வளவே. மேல் + துரு = மேற்றுரு. 'மேற்றுரு எஃகு' என்று வையுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து:
கல் + தூண் கற்றூண் ஆவது புலவருக்குத் தெரியும். மாணவர் 'மேற்று உரு' என்று பிரித்து, ஏதோ உருவம் என்பார். நம் அடுப்படியில் சொல் இருக்கிறதே! புது தோசைக்கல்லை என்ன செய்கிறோம்? பழக்குகிறோம். பழகு + எஃகு = பழகெஃகு. ஊறுகாய் போல வினைத்தொகை; முக்காலத்துக்கும் பொருந்தும். இந்த எஃகும் ஆண்டுக்கணக்கில் பழகிக்கொண்டேதான் இருக்கும்.

கோட்டையூரிலிருந்து:
ஆச்சி, சொல் அழகு. ஆனால் பட்டறையில் கெடுதல் செய்யும். தோசைக்கல் பழகுவது எண்ணெயால். இது பழகுவது தண்ணீரால். 'பழகெஃகு' என்று படித்தவன் தகட்டில் எண்ணெய் தடவினால் அந்த இடம் நனையாது, திட்டுத் திட்டாக நிற்கும். முதலில் மணல் பீய்ச்சி, ஆலையிலிருந்து வரும் கருஞ்செதிலை முழுக்க எடுக்க வேண்டும். பிறகு நனைத்துக் காயவிட்டு, மறுபடி நனைக்க வேண்டும். நனைவதும் காய்வதும் மாறி மாறி வந்தால்தான் துரு இறுகும். தண்ணீர் தேங்கும் மூலையிலும், தகட்டின் மேல் தகடு படியும் இடுக்கிலும் காயாது. அங்கே அரித்துக்கொண்டே போகும். அதனால் வடிதுளை கட்டாயம். வெல்டிங் கம்பியும் அதே சேர்மானத்தில் வேண்டும். சாதாரணக் கம்பி போட்டால் பற்றவைத்த கோடு தனி நிறத்தில் தெரியும். முதல் ஓரிரு ஆண்டு செந்நீர் வடிந்து கீழே சிமென்ட் தளத்தைக் கறையாக்கும். அடியில் சரளை போடுங்கள். உப்புக்காற்றில் இந்தப் படலம் இறுகாது, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கடற்கரைக்கு ஆகாது. பெயர் இதையெல்லாம் மறைக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நாங்கள் துருவைக் கறள் எண்டுதான் சொல்லுவம், எஃகை உருக்கு எண்டு. 'கறளுருக்கு' எண்டால் ஒரே சொல்லாய் முடியும்.

தேவகோட்டையிலிருந்து:
உருக்கு உருகுவதிலிருந்து வந்த வினையடிப் பெயர், நல்ல சொல். சங்கப் பாட்டில் எஃகு என்றால் வேல். குறளும் 'செறுநர் செருக்கறுக்கும் எஃகு' என்று கருவியாகத்தான் பேசுகிறது. களிம்பையும் நினைத்துப் பாருங்கள். சைவ சித்தாந்தத்தில் ஆணவத்துக்கு உவமை செம்பில் களிம்பு: கூடவே பிறந்தது, ஒட்டியே இருப்பது. இந்தத் துருவும் அப்படித்தானே?

பள்ளத்தூரிலிருந்து:
களிம்பு என்றால் இன்று மருந்துக்கடைக் களிம்புதான் ஐயா.

கோட்டையூரிலிருந்து:
'துருப்போர்வை எஃகு' போதும். மேலே மூடியிருப்பது துரு என்று கேட்டதும் விளங்கும்.

பள்ளத்தூரிலிருந்து:
போர்வையைக் கழற்றலாம். இது வெளியிலிருந்து போர்த்தியதல்ல, உலோகமே மாறி ஆனது. போர்வை என்றால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம் என்று நினைப்பான். 'துருத்தோல் எஃகு' என்றாலாவது உரிக்கத் தயங்குவான்.

காரைக்குடியிலிருந்து:
நால்வர் துருப்போர்வைக்கு இசைந்திருக்கிறார்கள். தனிமடலில் வந்த இருவர் 'கார்ட்டன் என்றே விடுங்கள்' என்கிறார்கள். 1953 முதல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நடக்கிற ஊரிலிருந்து, அரிமானத்தைப் பற்றிய கையேட்டை இரவல் சொல்லோடு அனுப்ப மனம் வரவில்லை. முதல் இடத்தில் 'துருப்போர்வை எஃகு (கார்ட்டன்)', பிறகு துருப்போர்வை மட்டும். தேய்த்து எடுக்காதே என்று படத்தின் அடியில் தடித்த எழுத்தில் போடுகிறேன் ஆச்சி.

பள்ளத்தூரிலிருந்து:
போடுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் 'துருத்தோல்' என்று மறுபடி எழுதுவேன்.