வீங்கிய கையோடு காப்பித் தோட்டத்தில்

ஏற்காட்டில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காகச் சேலத்தில் அறுவை சிகிச்சை செய்து, வலது அக்குளிலிருந்த நெறிக்கட்டிகளையும் அகற்றி, கதிர்வீச்சும் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தபோது, ஒரு மாலை வலக்கை வளையல் இறங்க மறுத்தது. சோப்பு போட்டுத்தான் கழற்றினேன். கண்ணுக்கு வீக்கம் தெரியவில்லை. கையில் ஒரு கனம் மட்டும் இருந்தது. பழம் பறித்த களைப்பு என்று எண்ணி நான்கு மாதம் விட்டுவிட்டேன். அந்த நான்கு மாதங்களை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அது நிணநீர் வீக்கம்: திசுக்களிலிருந்து நெறிக்கட்டிகள் வழியே வடிய வேண்டிய நீர் கையில் தேங்குவது. தொடக்கத்தில் கையை உயர்த்தி வைத்தாலே வடிகிற அந்த வீக்கம், நாள்பட்டால் தோலுக்கடியில் நாரும் கொழுப்பும் சேர்ந்து இறுகிவிடும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இயன்முறை மருத்துவர் அளந்தபோது வலக்கை இடக்கையைவிடச் சுற்றளவில் 3 செ.மீ. பருத்திருந்தது. மூன்று வாரம் அடுக்கடுக்காகக் கட்டுப் போட்டு வீக்கத்தை இறக்கிய பிறகே, கையை இறுகப் பிடிக்கும் அழுத்த உறை தந்தார்.

அக்கம்பக்கத்தார், யானைக்கால் நோய் கைக்கு ஏறிவிட்டதா, ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டது மிகவும் வலித்தது. அது கொசுவால் பரவும் புழுவினால் வருவது, எனக்கோ நீர் வடியும் வழியே வெட்டுப்பட்டுவிட்டது என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினேன்.

சென்ற ஆண்டு ஆரஞ்சுக் கிளையின் முள் ஒன்று புறங்கையைக் கீறியது. கீறல் என்றுகூடச் சொல்ல முடியாது. அன்றிரவே குளிர்காய்ச்சல் கண்டு, விடிவதற்குள் முழங்கை வரை சிவந்து கொதித்தது. முதல் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கையை மடியில் ஏந்தியபடி இறங்கி, சேலத்தில் நான்கு நாள் நரம்பு வழியே மருந்து ஏற்றிக்கொண்டேன். நிணநீர் தேங்கிய கையில் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவு என்பதோடு, இப்படி ஒவ்வொரு முறை தொற்று வரும்போதும் மிஞ்சியிருக்கும் நிணநீர்க் குழாய்களும் பழுதாகின்றன. இப்போது கையுறை இல்லாமல் செடியைத் தொடுவதில்லை. குளித்ததும் தோல் வெடிக்காதபடி களிம்பு தடவுகிறேன். ஊசிக்கும் இரத்த அழுத்தம் பார்க்கவும் இடக்கையையே நீட்டுகிறேன்.

“கையை அசைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணி” என்று நாத்தனார் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் தசை அசைந்தால்தான் நிணநீர் நகரும். சிறிது சிறிதாக எடை தூக்கிப் பழகுவதால் வீக்கம் கூடுவதில்லை என்பதை 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. உறையை அணிந்துகொண்டு அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலில் தொடங்கினேன்; இன்று பாதிக் கூடைப் பழம் சுமக்கிறேன். மலையில் உறை பெரிதாக உறுத்துவதில்லை. சித்திரையில் சேலத்துக்கு இறங்கினால் வியர்வையில் நனைந்துவிடும் என்பதால், மாற்று உறை ஒன்று பையிலேயே இருக்கும்.

அறுவைக்குச் செல்லவிருக்கும் சகோதரிகள் முன்னதாகவே இரு கைகளையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழக்கமுள்ள கை இயல்பாகவே சற்றுப் பருமனாக இருக்கும். என்னிடம் அந்தப் பழைய அளவு இல்லாததால், இப்போது எஞ்சியுள்ள ஒன்றரை செ.மீ. வேறுபாட்டில் வீக்கம் எவ்வளவு, என் சொந்தக் கை எவ்வளவு என்பது எனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.